தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் குளித்துவிடலாமா?

தமிழகக் கடல்நீரின் வெப்பநிலையை மாதவாரியாகக் காட்டும் அந்த அட்டவணையை நேற்றிலிருந்து எத்தனை பேர் பகிர்ந்துவிட்டீர்கள்! ஜனவரியில் 26 டிகிரி, மேயில் 30 டிகிரி, டிசம்பரில் 27 டிகிரி. பன்னிரண்டு கட்டத்துக்கும் பச்சை நிறம். கீழே, "தமிழகக் கடலில் ஆண்டு முழுவதும் நீந்தலாம்" என்று ஒரு வரி. எண்களில் பெரிய பிழை இல்லை. அந்த ஒரு வரிதான் ஆளைக் கொல்லும்.

குளிர்நாட்டுக் கடலில் முதலில் பார்க்கவேண்டியது வெப்பநிலைதான். 15 டிகிரிக்குக் கீழே சட்டென்று இறங்கினால் மூச்சு தாறுமாறாகும், கைகால் விறைக்கும். நம் கடல் அப்படிக் கொல்வதில்லை. இங்கே ஆளை எடுப்பது அலையும் இழுப்பும். தண்ணீர் எத்தனை டிகிரி என்பதில் அது தெரியவே தெரியாது.

டிசம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். 27 டிகிரி, போட்டி நீச்சல்குளத்தின் சூடு. ஆனால் வாடைக்காற்று அலையைக் கரைமேல் தள்ளும் மாதம் அது. மழை வெள்ளம் கூவம், அடையாறு முகத்துவாரங்கள் வழியாகச் சாக்கடையையும் சேர்த்துக் கடலில் கொட்டும். பெருமழைக்குப் பின் மூன்று நாளாவது இறங்கக் கூடாது. இதெல்லாம் எந்தப் பச்சைக் கட்டத்தில் இருக்கிறது?

பாம்பனுக்குப் போனால் கணக்கே மாறும். வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடா ஓரளவு அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவத்தில் தலைகீழ். ஒரே தீவு, ஒரே மாதம், ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. ஒரு பக்கம் நீந்தலாம், மறுபக்கம் கூடாது.

"மே மாதம் கடல் அமைதிதானே?" என்கிறார்கள். 2024 மே 6, குமரி மாவட்டம் லெமூர் கடற்கரை. ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டது. தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் நெடும் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறும். அதுதான் கள்ளக்கடல். கடல்நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் எச்சரிக்கை விட்டிருந்தது. வெப்பநிலையைத் தேடும் அதே கைப்பேசியில் அதையும் பார்க்கலாமே!

"எனக்கு நன்றாக நீச்சல் தெரியும்" என்பவர்களுக்குத்தான் இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும். கரைக்கு வந்த அலைநீர் மணல்திட்டின் இடைவெளி வழியாகத் திரும்பும்போது, இழுப்பு நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டுவதுண்டு. ஒலிம்பிக் வீரரும் அதை எதிர்த்து நீந்திக் கரையேற முடியாது. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் தண்ணீர் கருத்தோ கலங்கியோ நுரையை வெளியே இழுத்துக்கொண்டு போகிறதா? அந்த இடம்தான். புதியவர் கண்ணுக்கு அதுவே அமைதியான இடமாகத் தெரிவதுதான் கொடுமை. இறங்குமுன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டு வரும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்டுங்கள், தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள். காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு பாயக் கூடாது. மூடிய காலி கேன் ஒன்றாவது வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு உயிர்.

"மீனவர் பிள்ளைகள் தினமும் குளிக்கிறார்களே?" குளிக்கிறார்கள். எந்த இடத்தில், எந்தக் காற்றில் இறங்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் காட்டி வெளியூர்க்காரரைத் தைரியப்படுத்தாதீர்கள்.

வெப்பநிலைக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. திறந்தவெளி நீச்சல் போட்டிக்கு உச்சவரம்பு 31 டிகிரி. மே மாதக் கடல் அதை நெருங்கும். வேகமாக நீந்துபவருக்கு உடல் கொதித்துத் தலைசுற்றும். விடியற்காலையில் முடித்துவிடவேண்டும். அந்த மாதத்துக்கும் பச்சைதான் அடித்திருக்கிறார்கள்.

பயமுறுத்துகிறேனாம். ஒவ்வொரு சாவுக்கும் பிறகு, "கொழுப்பெடுத்துப் போனார்கள்" என்று பின்னூட்டம் போடுபவர்கள் பயமுறுத்துவதில்லை போலிருக்கிறது. செத்தவர்கள் கொழுப்பெடுத்தவர்கள் அல்ல. "நீந்தலாம்" என்று யாரோ எழுதியதை நம்பியவர்கள். அவர்கள் வீட்டாரும் அந்தப் பின்னூட்டங்களைப் படிக்கிறார்கள். அந்த வரியை நீக்கிவிட்டு அட்டவணையைப் பகிருங்கள்.