குளோனிங் கிட்னி இன்னும் வரவில்லை

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “நம் செல்லையே குளோனிங் செய்து புதுக் கிட்னி வளர்த்துப் பொருத்துகிறார்கள். இனி டயாலிசிஸ் வேண்டாம்.” இது பொய். அப்படி வளர்த்த முழுச் சிறுநீரகம் எந்த மனிதருக்கும் இதுவரை பொருத்தப்படவில்லை.

பாதி உண்மை கலந்திருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. சிகிச்சைக்கான குளோனிங் என்பது, கருமுட்டையின் உட்கருவை நீக்கி, நோயாளியின் செல்லில் உள்ள உட்கருவை அங்கே வைப்பது. சில நாளில் உருவாகும் கருவிலிருந்து, அவர் உடலோடு பொருந்தும் ஸ்டெம் செல்களை, அதாவது பலவகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை, எடுக்கலாம். தென்கொரியாவின் ஹ்வாங் வூ சுக் இதைச் சாதித்ததாக 2004, 2005இல் எழுதியது மோசடி என்று தெரிந்து, 2006இல் அந்தக் கட்டுரைகள் நீக்கப்பட்டன. உண்மையில் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் ஓரிகன் ஆய்வாளர்கள், 2013இல். சரி, கிடைத்தது என்ன? செல்கள்தான், உறுப்பு அல்ல. ஒரு கிட்னியில் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள், ரத்தக்குழாய்களோடு பின்னிக் கிடக்கின்றன. ஆய்வகத் தட்டில் பெருகும் செல்கள் தாமாக அப்படிக் கூடிவிடாது.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் கிட்னி சரியாகும் என்பதும் நிரூபிக்கப்படாதது. ஸ்டெம் செல் சிகிச்சைகளில், ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் பல காலமாக நிலைபெற்றது.

இதை நம்பி டயாலிசிஸை நிறுத்துவது உயிரையே பறிக்கும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கு இன்றும் வழி, உறவினர் போன்ற உயிரோடு இருப்பவர் தானமும் மூளைச்சாவு அடைந்தவர் தானமும்தான். கேரளத்தில் இரண்டாவதற்கு மிருதசஞ்சீவனி திட்டம் 2012 முதல் இருக்கிறது. பதிவு செய்வது பற்றி உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள்.