காக்கிச்சட்டைக்குத்தான் பிரேக் பிடிப்பீர்களா?

சேலத்தில் சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்துகிறவனுக்குப் பின்னாலிருந்து அர்ச்சனைதான் கிடைக்கிறது. முதலில் ஹாரன். அடுத்து, "ஏங்க, போலீஸ்தான் இல்லையே, போக வேண்டியதுதானே!" அஸ்தம்பட்டிப் பக்கமோ ஐந்து ரோட்டுப் பக்கமோ காலை நெரிசலில் நின்று பாருங்கள். விளக்கைப் பார்க்கிறவர் குறைவு. கண்கள் போக்குவரத்துப் போலீஸின் நிழற்குடையைத் தேடுகின்றன. அதன் கீழே காக்கி தெரிந்தால் பிரேக், தெரியாவிட்டால் ஆக்சிலேட்டர். விளக்கு பாவம், திருவிழா சீரியல் செட் போல அழகுக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

சிவப்பு எண் ஐந்துக்கு இறங்கும்போதே இந்தப் பக்கத்து பைக்குகள் கிளம்பிவிடுகின்றன. எதிர்ப்பக்கத்திலோ, மஞ்சள் விழுந்த பிறகுதான் ஒருவருக்கு வேகமே பிறக்கிறது. இரண்டு அவசரங்களும் மோதிக்கொள்ளும் நடுச்சந்தியில்தான் புத்தகப் பையோடு பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். இன்னும் சிலர் நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் நிற்கிறார்கள். அங்கிருந்து விளக்கு தெரியாது; பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தால் பச்சை விழுந்துவிட்டதென்று இவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள்! தனியார் பஸ்களுக்கு டைமிங் பிரச்சினையாம். கண்டக்டர் படியில் தொங்கியபடி கையை நீட்டி "ரைட், ரைட்" என்றால் சிவப்பு ரத்தாகிவிடுகிறது. சனி, ஞாயிறுகளில் ஏற்காடு போகும் கார்கள் வேறு. ஐயா, ஏற்காடு எங்கேயும் ஓடிவிடாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அங்கேயேதான் இருக்கும்.

புகார் சொன்னால் ஒரே மருந்துதான் கிடைக்கிறது: ரோந்தை அதிகப்படுத்துகிறோம். சரி, அதிகப்படுத்துகிறார்கள். சில நாள் ஊரே ஒழுக்கமாகிறது. ரோந்து வண்டி வேறு பக்கம் போன மறுநாள் பழைய கதை. அந்த ரோந்தும் எங்கே நிற்கிறது? சந்திப்பைத் தாண்டி, மரத்தடியில், ஹெல்மெட் போடாதவரைப் பிடித்துக்கொண்டு. ஹெல்மெட் அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ரசீது போட்டுக்கொண்டிருக்கும்போதே இங்கே நான்கு வண்டிகள் சிவப்பில் பாய்கின்றன. போலீஸ்காரர் சந்திப்பிலேயே நின்றாலும் நெரிசலைக் குறைக்க சிவப்பிலேயே கைகாட்டி அனுப்புகிறார். விளக்கைவிட அவர் கைக்குத்தான் மதிப்பு, விதியும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதை நாள்தோறும் பார்ப்பவன் மனத்தில் சிவப்பு ஒரு யோசனையாகிவிடுகிறது. கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம்.

வெயிலிலும் புகையிலும் நிற்கும் அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு ஆள் நான்கு திசையும் பார்க்க முடியாது. அப்படியே ஒருவனை மடக்கினாலும் அவன் உடனே செல்போனை எடுத்து, "சார், பேசுங்க" என்று நீட்டுகிறான். எதிர்முனையில் இருப்பது எந்த வட்டமோ, எந்த மாவட்டமோ!

கேமராவிடம் போனை நீட்ட முடியாது. அதற்காகவே அது வேண்டும் என்கிறேன். சிவப்பு விழுந்த பிறகு கோட்டைத் தாண்டும் வண்டியைப் படம் பிடிக்கிறது, நம்பரைப் படிக்கிறது, நோட்டீஸ் போகிறது. அது டீ குடிக்கப் போவதில்லை, இரவு பதினொரு மணிக்கும் தூங்குவதில்லை. உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: "இது பணம் பறிக்கும் வேலை!" சிவப்பைத் தாண்டுவது ஆபத்தான ஓட்டுதல் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திலேயே எழுதியாகிவிட்டது. முதல் தடவைக்கு ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று 184ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகள், கேமரா இருப்பதை முன்கூட்டியே பலகை வைத்துச் சொல்லவும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவும் சொல்கின்றன. பலகையும் வைத்து, விளக்கும் போட்ட பிறகு போய் விழுகிறவன் பையிலிருந்து பணம் பறிக்கிறார்களாம்!

கேமரா வைத்தால் திடீர் பிரேக்கில் பின்னால் வருபவன் மோதுவான் என்பார்கள். அது உண்மைதான். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைக்காக 2005இல் வந்த ஆய்வில் பின்பக்க மோதல்கள் ஏறத்தாழ 15 சதவீதம் கூடியிருந்தன. ஆனால் அதே ஆய்வில், பக்கவாட்டில் வந்து இடிக்கும் மோதல்கள் 25 சதவீத அளவுக்குக் குறைந்திருந்தன. பம்பர் நசுங்குவதும் விலா எலும்பு நொறுங்குவதும் ஒன்றா?

கேமராவை ஏமாற்றவும் நம்மவர்களுக்குத் தெரியும். நம்பர் பலகையை மேல்நோக்கி வளைத்து வைப்பார்கள். ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் பொங்கல் வரைக்கும் கடைசி இரண்டு எண்களின் மேலேயே காய்ந்து கிடக்கும். அவ்வளவு பக்தி! ரோந்துக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. மரத்தடியை விட்டுவிட்டு இந்தப் பலகைகளைப் பிடிக்கட்டும்; சிவப்பைக் காப்பதைக் கேமராவிடம் விடட்டும். அழிந்துபோன நிறுத்தக் கோடுகளுக்கு யாராவது பெயின்ட் அடித்தாலும் புண்ணியம்.

நோட்டீஸ் எல்லோருக்கும் போக வேண்டும். கொடி கட்டிய கார், அரசு முத்திரை ஒட்டிய ஜீப், சைரன் போடாமல் சும்மா டீக்கடைக்குப் போகும் போலீஸ் வண்டி உட்பட. சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவரே அதை மீறினால் இரட்டை அபராதம் என்று 210பி பிரிவு சொல்கிறது. அப்படிப் போட்ட ரசீது ஒன்றை உங்களில் யாராவது கண்ணால் பார்த்திருந்தால் எனக்கும் காட்டுங்கள்.