தத்தெடுக்கலாமே என்று சொல்பவர்களுக்கு

"குழந்தைதானே வேண்டும், தத்தெடுத்துக்கொள்ளலாமே! அதற்கெதற்கு அரசுப் பணம்?" கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பொது நிதியிலிருந்து உதவி வேண்டும் என்று வாய்திறந்தாலே இந்தப் பதில்தான் வந்து விழுகிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

தத்தெடுப்பு வரிசையிலும் நிற்பவள் நான். வருமானச் சான்று, மருத்துவச் சான்று, காவல்துறைச் சான்று, பிறகு வீட்டுக்கே வந்து எங்கள் மணவாழ்க்கை வரை துருவிய விசாரணை. குழந்தையின் பாதுகாப்புக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அதன்பின் வருடக்கணக்கில் காத்திருப்பு. குழந்தை வந்தால் விடுப்பு உண்டா என்று அலுவலகத்தில் கேட்டேன். "பிரசவமே இல்லையே, விடுப்பு எதற்கு?" என்றார்கள். தத்தெடுக்கச் சொல்லும் ஒருவராவது இதற்காகக் குரல் கொடுத்திருக்கிறாரா? பெற்றோர் இல்லாத பிள்ளைகள்மேல் அவ்வளவு அக்கறை என்றால், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களிடம் ஏன் யாரும் தத்தெடுக்கச் சொல்வதில்லை? அந்தப் பொறுப்பு எங்கள் தலையில் மட்டும் ஏன்?

சிகிச்சையின் கதை இதைவிடக் கொடுமை. உலகச் சுகாதார நிறுவனம் குழந்தையின்மையை நோய் என்றே வரையறுக்கிறது. வாழ்நாளில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவரை அது பாதிக்கிறது என்று 2023இல் அறிக்கையும் வெளியிட்டது. என் காப்பீட்டு நிறுவனத்துக்கோ இது 'விருப்பச் சிகிச்சை'யாம்! கருக்குழாய் அடைப்பை நானா விரும்பிக் கேட்டு வாங்கினேன்? (கோளாறு ஆணிடமும் இருக்கலாம். ஆனாலும் பேச்சு வாங்குவது பெண்தான்.)

சோதனைக் குழாய்ச் சிகிச்சை என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருமுட்டை எடுத்தல், உடலுக்கு வெளியே உருவாக்கிய கருவைக் கருப்பையில் வைத்தல், பிறகு இரண்டு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருத்தல். தோற்றால் மறுபடி முழுச் செலவு. அந்தப் பணத்தைச் சேர்ப்பதற்குள் வயது கூடுகிறது, கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன, வெற்றி வாய்ப்பு சரிகிறது. உதவி தாமதமாக வந்தால் அது உதவியே இல்லை.

இது ஒன்றும் புதிய சிகிச்சை இல்லை. சோதனைக் குழாய் முறையில் முதல் குழந்தை பிறந்தது 1978இல். இஸ்ரேலில் இரண்டு குழந்தைகள் வரை இந்தச் சிகிச்சையின் செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கிறது. ஒரு நாட்டால் முடிகிறது என்றால் மற்றவர்கள் சொல்வது வெறும் சாக்கு.

எங்களுக்கு உறைநிலையில் இன்னும் இரண்டு கருக்கள் இருக்கின்றன. அவற்றைப் பாதுகாக்கும் கட்டணத்துக்கு அடுத்த மாதம் கெடு. அந்தக் கட்டணத்தையும் தர மாட்டோம் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் இன்று காலை வந்து சேர்ந்தது.