லேகியம் தின்றால் சர்க்கரை மாத்திரை வேண்டாமா?

தீபாவளி நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும்: எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நெல்லிக்காய் அளவு லேகியம் சாப்பிட்டால் அன்றைக்கு எத்தனை அதிரசம் தின்றாலும் சர்க்கரை ஏறாது, மாத்திரையும் வேண்டாம். தவறு. ஆபத்தான தவறும்கூட.

லேகியத்தை எதில் கிளறுகிறோம்? கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாவற்றையும் அரைத்து, வெல்லப் பாகில் கொட்டி, உருளியின் ஓரத்தில் நெய் பிரிந்து மினுங்கும் வரை கிளறுகிறோம். அந்த வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதேதான். வயிற்று மந்தத்துக்கு என்று பாட்டி கொடுத்தார்கள், சரி, கொடுக்கட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லி எந்தப் பாட்டியும் கொடுக்கவில்லை.

சர்க்கரை ஏற இனிப்பு மட்டும் காரணமில்லை. காவிரி டெல்டாவில் ஐப்பசி என்றால் அடைமழை. குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும், நெல்லின் ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்று ஒரு பயம், சம்பா வயலில் தண்ணீர் நிற்குமோ என்று இன்னொன்று, நடுவில் பிள்ளைகளுக்குத் துணி, பட்டாசு. இந்தக் கவலையில் தூக்கம் கெட்டு, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடினால் இனிப்பைத் தொடாதவருக்கும் சர்க்கரை ஏறலாம். அதற்கு லேகியம் என்ன செய்யும்?

அப்புறம், கேதார கௌரி நோன்பு இருக்கும் அக்காமார்கள்: இன்சுலின் போடுபவராக இருந்தால் மருந்தளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டினியில் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்துக் கை நடுங்கினால் பூஜை முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிடுங்கள்.