சைக்காலஜி எடுக்கிறாளாம், பாவம்!

ஆகஸ்ட் கடைசியில், பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வின் முடிவுகள் வந்ததும் லண்டன் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: அடுத்த இரண்டாண்டு ஏ லெவலுக்கு என்ன பாடம்? கணிதம், வேதியியல், உயிரியல் என்று பிள்ளை சொன்னால் பெற்றோர் முகம் மலர்கிறது. அதில் ஒன்றை நீக்கிவிட்டு உளவியலை, அதாவது சைக்காலஜியை வைத்தால், சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடுகிறது.

இதன் வேர் எனக்குப் புரிகிறது. இலங்கையில் உயர்தரம் படித்த தலைமுறைக்கு உயிரியல் பிரிவு, கணிதப் பிரிவு, வர்த்தகம், கலை என்பது மேலிருந்து கீழே இறங்கும் படிவரிசை. ஏ லெவல் படிக்கும் இங்கிலாந்தின் சிக்ஸ்த் ஃபோர்மில் அப்படிப் பிரிவுகள் கிடையாது. பதினாறு வயதுப் பிள்ளை விரும்பிய மூன்று பாடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டனின் முன்னணி ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் கூட்டான ரஸல் குழுமத்தினர் முன்பு வைத்திருந்த முன்னுரிமைப் பாடப் பட்டியலில் உளவியல் இல்லை என்பதும் உண்மையே. ஆனால் அந்தப் பட்டியலை அவர்களே 2019இல் கைவிட்டுவிட்டார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

2024இல் 78,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஏ லெவல் உளவியல் தேர்வு எழுதினார்கள். கணிதத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் எடுக்கும் பாடம் இதுதான். எழுதுகிறவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்பிள்ளைகள். 'லேசான பாடம்' என்ற பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு என்பது என் சந்தேகம்.

லேசா என்று வினாத்தாளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலான பள்ளிகள் பின்பற்றும் ஏக்யூஏ தேர்வு வாரியத்தில் இரண்டு மணிநேரத் தாள்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 96 மதிப்பெண். வீட்டிலிருந்து செய்து கொடுக்கும் ஒப்படை எதுவும் இல்லை. மொத்த மதிப்பெண்ணில் கால்பங்குக்குக் குறையாமல் ஆய்வு முறைகளுக்குப் போகிறது; குறைந்தது பத்து விழுக்காடு கணக்கு. எந்தத் தரவுக்கு எந்தப் புள்ளியியல் சோதனை பொருந்தும், கிடைத்த வேறுபாடு தற்செயலா இல்லையா என்று பிள்ளை காரணத்தோடு எழுத வேண்டும்.

எனக்கு இந்தப் பாடத்தில் பிடித்த இடமே அதுதான். 1974இல் லோஃப்டஸ், பாமர் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 45 மாணவர்களுக்குக் கார் விபத்துத் திரைக்காட்சிகளைக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் 'நொறுங்க மோதியபோது' என்று இருந்தவர்கள் சொன்ன வேகத்தின் சராசரி மணிக்கு 40 மைலுக்கு மேல். 'தொட்டபோது' என்று கேட்கப்பட்டவர்களுக்கு 31.8. ஒரே காட்சிகள்தான்; கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் வேறு. கேட்டதும் வியந்துபோகிறோம். ஆனால் வியந்தால் மதிப்பெண் கிடையாது. அந்த மாணவர்களுக்குக் காரோட்டிப் பழக்கம் இருந்ததா, திரையில் பார்ப்பதும் தெருவில் கண்ணெதிரே பார்ப்பதும் ஒன்றா என்று திருப்பிக் கேட்டால்தான் கிடைக்கும்.

தாய்-சேய்ப் பிணைப்புப் பகுதி நம் பிள்ளைகளுக்கு இன்னும் சுவையானது. தாய் அறையைவிட்டு வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் பிணைப்பை வகைப்படுத்தினார். 1988இல் எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. ஜப்பானில், தாயைவிட்டுத் தனியே இருந்து பழகாத குழந்தைகள் அந்த அறையில் வீறிட்டு அழுதார்கள். அது பாதுகாப்பற்ற பிணைப்பா, அல்லது அளவுகோலே அமெரிக்க வீட்டுக்கென்று செய்யப்பட்டதா? அம்மம்மா, சித்தி, மாமா என்று கைமாறி வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வியின் எடை உடனே தெரியும். (அம்மம்மாவையும் அந்த அறையில் உட்காரவைத்திருந்தால் ஆய்வே நடந்திருக்காது என்பது வேறு விஷயம்.)

பெற்றோரை மட்டும் சொல்லிப் பயனில்லை. 'மனிதர்களைப் படிக்கலாம்', 'என்னையே நான் புரிந்துகொள்ளலாம்' என்று சேரும் பிள்ளைகள் முதல் தவணையிலேயே ஏமாந்துபோகிறார்கள். மனநோய் பற்றிய பகுதி உண்டு. ஆனால் அது சிகிச்சை அறை அல்ல. மனச்சோர்வுக்கான விளக்கத்தின் குறைகளைப் பதினாறு மதிப்பெண் கட்டுரையாக எழுதச் சொல்லும் இடம் அது.

அந்தக் கட்டுரைகளைச் சுற்றித்தான் நம் டியூஷன் வியாபாரமும் முளைத்திருக்கிறது. விளக்கத்துக்கு ஆறு, விமர்சனத்துக்குப் பத்து என்ற மதிப்பெண் பங்கீட்டைப் பார்த்து, விமர்சனத்தையே அச்சடித்து விற்கிறார்கள். ஆய்வாளர் சொன்னார் என்பதற்காக இன்னொருவருக்கு (போலி) மின்னதிர்ச்சி கொடுக்கவைத்த மில்கிராம் சோதனையில், 40 பேரில் 65 விழுக்காட்டினர் 450 வோல்ட் வரை போனார்கள் என்பதை ஒப்பிக்கலாம். அந்தச் சோதனையில் பிழை காண்பதையுமா ஒப்பிப்பது? அதிகாரம் சொன்னதைக் கேட்டு நடப்பது பற்றிய பாடத்தை, சார் சொன்னதைக் கேட்டு அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள்.

வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன், முதலில் வருகிற கேள்வி அதுதானே. மருத்துவ உளவியலாளர் ஆக, அங்கீகரிக்கப்பட்ட பட்டம், அதன்பின் மூன்றாண்டு முனைவர் பயிற்சி, போட்டி கடுமை. ஆனால் உளவியல் பட்டப்படிப்பில் சேர ஏ லெவலில் உளவியல் இருந்தே ஆகவேண்டும் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்பதில்லை. ஆகவே உளவியலாளராக விரும்பும் பிள்ளை இதை விட்டுவிட்டு உயிரியலும் கணிதமும் எடுத்தாலும் வழி அடைபடாது. நான் இதை எடுக்கச் சொல்வது சட்டமோ பொருளியலோ மருத்துவமோ படிக்கப் போகிற பிள்ளையிடம். அதுவும் தேர்வு வாரியத்தின் தளத்திலிருந்து இரண்டாம் தாளின் ஆய்வு முறைகள் பகுதியை இறக்கி ஒருமுறை வாசித்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் மட்டும்.