ஒரு மஞ்சள் கோடு

(ஸ்காட்லாந்து, அபெர்டீன். ஆண்கள் இடுப்பில் கட்டுகிற, கட்டம் போட்ட மடிப்புப் பாவாடையான கில்ட் தைக்கும் கடை ஒன்று. கையில் பையோடு ஓர் இளைஞன் தயங்கித் தயங்கி நுழைகிறான்.)

இளைஞன்: ஐயா, இது தாத்தாவோட கில்ட். நாளைக்கு இதைக் கட்டிக்கொண்டு பேண்டு வாத்தியக் குழுவில் டிரம் அடிக்கப் போகிறேன். லேசாக ஒரு அயர்ன்...

தையல்காரர்: (விரித்துப் பார்த்து) தாத்தா எந்தப் படைப்பிரிவு?

இளைஞன்: கார்டன் ஹைலேண்டர்ஸ்.

தையல்காரர்: அப்படியா! மஞ்சள் கோட்டில் பெயிண்ட் வாடை அடிக்கிறதே?

இளைஞன்: பழைய கோடு ஐயா. 1794-ல் தொடங்கிய படையாச்சே.

தையல்காரர்: 1794-ல் அடித்த பெயிண்ட் இன்னும் காயவில்லையா? என் விரலைப் பார்.

இளைஞன்: (தலையைச் சொறிந்து) சரி, சொல்லிவிடுகிறேன். தாத்தாவோடதை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டுவிட்டேன். எட்டு கஜக் கம்பளி, பொம்மைக்குக் கட்டுகிற அளவுக்குச் சுருங்கிப்போச்சு. இது பழைய துணிக்கடையில் கிடைத்தது. அதே பச்சை, அதே நீலம், அதே கறுப்பு. கோடு மட்டும்தான் இல்லை.

தையல்காரர்: கோடு இல்லாவிட்டால் அது பிளாக் வாட்ச் என்கிற வேறு படையோடது தம்பி! அதில் மஞ்சள் ஓடினால் கார்டன். வெள்ளையும் சிவப்பும் ஓடினால் சீஃபோர்த். ஒரு கோடா, இரண்டா, மூன்றா என்று மூன்று மாதிரி பார்த்துத்தான் உன் தாத்தா படையைத் திரட்டிய கார்டன் பிரபு ஒற்றைக் கோட்டை எடுத்தாராம்.

இளைஞன்: நானும் ஒற்றைக் கோடுதானே போட்டேன்?

தையல்காரர்: நெடுக்கே சரி. குறுக்கே எங்கே?

இளைஞன்: டப்பா தீர்ந்துபோச்சு.

தையல்காரர்: பின்பக்கம் அதைவிட மோசம். பட்டாளத்துக் கில்ட் என்றால் மடிப்புக்கு மடிப்பு அந்த மஞ்சள் கோடு வரிசையாக வந்து நிற்கும். இதில் முழுக் கட்டமும் தெரிகிற மாதிரி மடித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற ரகம். அட, மடிப்பு பிரியவே மாட்டேன் என்கிறதே! நடக்கும்போது விசிறி மாதிரி விரியணும். இது தட்டி மாதிரி நிற்கும்.

இளைஞன்: கோடு, கட்டம் எதுவுமே இல்லாத படை ஏதாவது இருக்கிறதா ஐயா?

தையல்காரர்: லண்டன் ஸ்காட்டிஷ். கோடும் இல்லை, கட்டமும் இல்லை, ஒரே நிறம். ரயில் ஏறிவிடு.

இளைஞன்: தாத்தாவுக்குத் தெரிந்தால் என்னைத் தோலுரித்து டிரம்மில் கட்டிவிடுவார்.

தையல்காரர்: (அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து) போன மாதமே வந்து உன் இடுப்பளவைக் கொடுத்துவிட்டுப் போனார். புதுசு. மஞ்சள் கோடு நூலில் இருக்கிறது.

இளைஞன்: அவருக்குத் தெரியுமா! ரொம்பத் திட்டினாரா?

தையல்காரர்: சேச்சே, ஒரு வார்த்தை பேசவில்லை. பில்லை மட்டும் உன் பெயரில் போடச் சொன்னார்.