வளர்ச்சிக் காரணி மரபணு எல்லோரிடமும் உண்டு

கோபிச்செட்டிபாளையத்து அண்ணன் ஒருவர், புற்றுநோய்க்கான மரபணு சில குடும்பங்களில் மட்டுமே இருக்கிறது என்றும், மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை என்றும் எழுதியிருக்கிறார். அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும், அது சரியன்று.

மஞ்சள் வெட்டுகையில் மண்வெட்டி காலில் பட்டால், இரத்தத் தட்டணுக்கள் பி.டி.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியை, அதாவது செல்களுக்குப் ‘பெருகு’ என்று கட்டளையிடும் புரதத்தை, வெளியிட, அந்தக் கட்டளையை ஏற்றுச் சுற்றியுள்ள செல்கள் பெருகிப் புண்ணை மூடுகின்றன. புண் ஆறியதும் கட்டளையும் அடங்கிவிடுகிறது. இதற்கான மரபணு நம் எல்லோரிடமும் உண்டு. குரங்குகளில் சதைப்புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸின் ‘சிஸ்’ மரபணு ஏறத்தாழ இதுவேதான் என்பது 1983இல் தெரியவந்தது. மனிதரில், தோலில் வரும் ஓர் அரிய புற்றில், 17ஆம் 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் இம்மரபணு ஓயாமல் இயங்க, செல் தனக்குத்தானே ‘பெருகு’ என்று ஆணையிட்டுக்கொள்கிறது. இது வாழ்நாளில் நேரும் பிழையே தவிர, பெற்றோர் தந்ததன்று. (பரம்பரையாகக் கூடும் புற்றுகளும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.)

ஐயமுள்ளோர் யூனிப்ராட் (UniProt) என்னும் இணையப் புரதத் தரவுத்தளத்தில் P01127 என்று தேடலாம், கட்டணமில்லை. அங்கே வரும் மனித பி.டி.ஜி.எஃப். புரதத்தின் மாற்றுப் பெயர்களுள் ‘சிஸ்’ இருப்பதைத் தாங்களே காணலாம்.